வீடியோ கேசட்டை டி.வி.டி. ரெக்கார்டரில் பதியும்போது படம் கெட்டால்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று 1980களிலும் 1990களிலும் வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்து வைத்த பதிவுகளை டி.வி.டி. ரெக்கார்டர் வழியாக வட்டுக்கு மாற்றுபவர்களின் முதல் புகார் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். டி.வி.யில் நேராகப் போட்டால் படம் நன்றாகத்தான் தெரிகிறது. ரெக்கார்டர் வழியாகப் போனால் கோடு, ஆட்டம், புள்ளி என்று ஏதோ ஒன்று சேர்ந்துகொள்கிறது. உடனே ரெக்கார்டரில் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியான முடிவன்று. பழைய பிக்சர் டியூப் டி.வி., கேசட்டிலிருந்து வரும் சமிக்ஞையின் நேரம் சற்று முன்பின்னாக இருந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுத்துப் படத்தைக் காட்டிவிடும். ரெக்கார்டரோ படத்தின் ஒவ்வொரு வரியையும் எண்களாக மாற்ற வேண்டியிருப்பதால், வரி எங்கே தொடங்குகிறது என்று அறிவிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு உரிய நேரத்தில் வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆகவே டி.வி. மறைத்த குறையை ரெக்கார்டர் வெளிப்படுத்துகிறது என்பதே பல வீடுகளில் உண்மை நிலை.

வி.சி.ஆர். உற்பத்தியைக் கடைசிவரை தொடர்ந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இனிப் புதிய டெக் (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவி) வாங்க வழியில்லை. கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அதனால் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதிப்பதைக் குறைக்கும் வகையில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை முக்கியமாகிறது.

டெக்கில் போடுவதற்கு முன்

கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு முகம் ஒரே சீரான கருநிறத்தில் பளபளப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் வெண்மையாகத் தூள் போலவோ நூல் போலவோ ஏதேனும் படிந்திருந்தால் அது பூஞ்சை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பரணிலும் இரும்பு பீரோவிலும் பல மழைக்காலங்களைக் கடந்த கேசட்டுகளில் இது மிகவும் சாதாரணம். பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் ஒருமுறை ஓட்டினாலும், நாடாவிலிருந்து படத்தை எடுக்கும் ஹெட்டில் அடைப்பு ஏற்படும். அந்த டெக்கில் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். இத்தகைய கேசட்டைத் தனியே எடுத்து வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் உலரவிட்டு, நாடாவைத் துடைத்துத் தரத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது. பூஞ்சை உலர்ந்த பிறகும் அதன் தூள் மூச்சில் ஏறக்கூடும் என்பதால் முகக்கவசம் இன்றிக் கேசட்டைப் பிரிக்கக்கூடாது.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேசட்டையும் உடனே போடக்கூடாது. ஈரக்காற்று பட்டு நாடாவிலும், ஹெட் பொருத்திய சுழல் உருளையான டிரம்மிலும் நீர் படியும். ஈரமான நாடா டிரம்மில் ஒட்டிக்கொண்டு கசங்கிவிடும். சில மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் போதும்.

எந்த இடத்தில் கெடுகிறது என்று பிரித்தறிதல்

கேசட், டெக், கேபிள், ரெக்கார்டர், வட்டு என்ற ஐந்தில் எங்கே குறை நுழைகிறது என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். முதலில் டெக்கை ஏ.வி. கேபிள் மூலம் நேராக டி.வி.யில் இணைத்துப் பாருங்கள். அடுத்து, டெக்கை ரெக்கார்டரிலும் ரெக்கார்டரை டி.வி.யிலும் இணைத்து, பதிவை இயக்காமல் ரெக்கார்டரை வெளி உள்ளீட்டுக்கு மட்டும் மாற்றி, அதன் வழியே கடந்துவரும் படத்தைப் பாருங்கள். கடைசியாக, அழித்து எழுதக்கூடிய வட்டு ஒன்றில் சில நிமிடங்கள் பதிந்து, அதை ஓட்டிப் பாருங்கள்.

முதல் நிலையிலேயே குறை தெரிந்தால் அது கேசட்டிலோ டெக்கிலோ இருக்கிறது. நன்றாக ஓடும் என்று முன்பே தெரிந்த வேறொரு கேசட்டைப் போட்டால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும். இரண்டாம் நிலையில் மட்டும் தெரிந்தால் கேபிள், எர்த், உள்ளீட்டு அமைப்பு, சமிக்ஞையின் நேரப்பிழை ஆகியவற்றில் ஒன்று. பதிந்த வட்டில் மட்டும் தெரிந்தால் பதிவின் தர அளவோ வட்டோதான் காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவசரத்தில் கேபிளையும் டெக்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் நிற்பவர்களே அதிகம்.

படம் முழுவதும் புள்ளிகள்

ஆன்டெனா காலத்தில் கிரெயின்ஸ் என்று சொன்ன அதே கருப்பு வெள்ளைப் புள்ளிகள் படம் முழுவதும் இறைந்து, அடியில் உருவங்கள் மங்கலாகத் தெரியும்; சில சமயம் ஒலி மட்டும் தெளிவாகக் கேட்கும். எல்லாக் கேசட்டிலும் இப்படி வந்தால் டெக்கின் வீடியோ ஹெட் அழுக்கடைந்திருக்கிறது. தொடக்கத்தில் நன்றாக இருந்து பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு புள்ளிகள் பெருகினால், அந்தக் கேசட்டின் காந்தப் பூச்சு உதிர்ந்து ஹெட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஓட்டத்தை நிறுத்திச் சுத்தம் செய்த பின்பே தொடர வேண்டும்.

சுத்தம் செய்வதில் பலர் ஹெட்டை உடைத்துவிடுவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது. மின் இணைப்பைப் பிளக்கிலிருந்தே கழற்றிவிட்டு மேல்மூடியைத் திறந்தால், சாய்வாகப் பொருத்திய பளபளப்பான உருளை தெரியும். அதன் விளிம்பில், ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மிக நுண்ணிய முனைகள் இருக்கும், அவைதான் ஹெட்டுகள். மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு அல்லது இழை உதிராத தாளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உருளையின்மேல் மெதுவாக ஒற்றி, அந்தத் துண்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் உருளையின் தலைப்பகுதியைச் சுழற்ற வேண்டும். துண்டை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை ஒடிந்துவிடும். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சி இதற்கு ஆகாது. அதன் இழை முனையில் சிக்கி இழுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் அதையும் தவிர்க்கவும். ஆல்கஹால் நன்றாக ஆவியான பிறகே கேசட்டைப் போட வேண்டும். நாடா தொட்டுச்செல்லும் உருளைகளையும், ஒலி ஹெட்டையும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் அதே அமர்வில் துடைத்துவிடலாம். ரப்பருக்கு மட்டும் ஆல்கஹாலைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும். சுத்தம் செய்யும் கேசட் என்று விற்றவற்றில் உலர்வகை, ஹெட்டைத் தேய்த்தே அழுக்கை எடுக்கிறது. ஹெட்டின் ஆயுள் பற்றிக் கவலை உள்ளவர்கள் அதை நாட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் எல்லாக் கேசட்டிலும் புள்ளிகள் நீங்கவில்லை என்றால் ஹெட் தேய்ந்துவிட்டது. வேறு டெக் தேடுவதுதான் வழி.

குறுக்காக ஒரு புள்ளிப் பட்டை

படத்தின் மற்ற பகுதி தெளிவாக இருக்க, ஒரு பட்டை மட்டும் மேலோ கீழோ குறுக்கே கிடந்தால் அது டிராக்கிங் பிழை. நாடாவில் சாய்வாக எழுதப்பட்ட தடத்தின்மேல் ஹெட் சரியாகச் செல்லாமல் விலகும்போது, விலகிய பகுதி மட்டும் புள்ளியாகத் தெரிகிறது. தானியங்கி டிராக்கிங் சரிசெய்யாவிட்டால் ரிமோட்டில் கூட்டல், கழித்தல் பொத்தான்களை அழுத்திப் பட்டை திரையை விட்டு வெளியேறும்வரை நகர்த்தவும். பல டெக்குகள் இந்த அளவைத் திரையிலேயே எழுதிக் காட்டும். அந்த எழுத்தும் வட்டில் பதிவாகிவிடும் என்பதால், டெக்கின் திரைக்குறிப்பை மெனுவில் அணைத்துவிட்டு, சரிசெய்த பிறகு நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் பதிவைத் தொடங்க வேண்டும். கேசட்டை வெளியே எடுத்துப் போட்டால் பெரும்பாலான டெக்குகள் அந்த அமைப்பை மறந்துவிடும்.

பாதி வேகத்தில் பதிந்த கேசட்டுகளில் தடம் குறுகலாக இருப்பதால் இந்தப் பிழை எளிதில் வரும். பதிந்த கேமராவின் அமைப்பே கோணலாக இருந்திருந்தால் எந்த அளவில் வைத்தாலும் பட்டை முழுவதும் நீங்காது. அதே கேசட் வேறொரு டெக்கில் வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக ஓடுவது உண்டு. உறவினர் வீட்டில் தூங்கும் டெக்கைக் கேட்டு வாங்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

மேற்பகுதி ஒருபக்கமாக வளைந்து ஆடுதல்

கேசட்டைப் பதிபவர்களை அதிகம் திணறடிப்பது இதுதான். நிற்பவரின் தலை மட்டும் காற்றில் ஆடும் கொடி போல ஒருபக்கம் இழுபட்டு அசையும். நேர்க்கோடான கதவுச் சட்டம் மேலே வளைந்து தெரியும். வி.எச்.எஸ். டெக்கின் டிரம் இந்திய, இலங்கை டி.வி. முறையான பாலில் (PAL) நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. எதிரெதிரான இரண்டு ஹெட்டுகள் மாறிமாறிப் படத்தை எடுக்கின்றன. முதுமையாலோ வெப்பத்தாலோ நாடா நீண்டோ சுருங்கியோ இருந்தாலும், அதன் இழுவிசை பதிந்த நாளில் இருந்ததிலிருந்து மாறியிருந்தாலும், ஒரு ஹெட் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஹெட் தொடங்கும்போது நேரத்தில் ஒரு தாவல் ஏற்படுகிறது. ஹெட் மாறுவது படத்தின் அடிவிளிம்பில் என்பதால், அதன் விளைவு அடுத்துத் தொடங்கும் மேற்பகுதியில் தெரிகிறது. இந்தத் தாவல் பெரிதாகும்போது ரெக்கார்டர் ஒத்திசைவை இழந்து, படம் ஒரு கணம் உறைவதும் குதிப்பதும் நடக்கும்.

செலவில்லாத மருந்து முதலில்: கேசட்டைக் கடைசிவரை வேகமாக முன்னோக்கிச் சுற்றி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுருளின் இழுவிசை சமமாகும். லேசான வளைவு இதிலேயே தீர்வதுண்டு. பூஞ்சை பிடித்த கேசட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

தீராவிட்டால், சமிக்ஞையின் நேரத்தைத் திருத்தும் டைம் பேஸ் கரெக்டர் வேண்டும். இதில் இரண்டு வகையுண்டு என்பது தெரியாமல் பணம் இழப்பவர்கள் பலர். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் நேர்ப்படுத்துவது ஒரு வகை; வளைவை நீக்குவது இதுவே. படச்சட்டம் முழுவதையும் தேக்கி வைத்து, புதிய ஒத்திசைவுத் துடிப்புடன் வெளியிடுவது மற்றொரு வகை. இது படம் குதிப்பதையும் பதிவு அறுபடுவதையும் தடுக்குமேயன்றி, வளைந்த வரிகளை நிமிர்த்தும் என்று சொல்ல முடியாது. வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வடிவமான எஸ்-வி.எச்.எஸ். டெக்குகளில் உயர்தரமான சிலவற்றில் முதல் வகை உள்ளேயே இருக்கும். பானசோனிக் 2000களின் நடுவில் வெளியிட்ட டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, டி.எம்.ஆர்.-இ.எஸ்.15 ஆகிய டி.வி.டி. ரெக்கார்டர்களின் உள்ளீட்டுச் சுற்றும் இவ்வேலையைச் செய்வதால், வட்டு ஓடாத பழுதான நிலையிலும் அவற்றை இடையில் வைத்து, படத்தை அவற்றின் வழியே கடத்தி வேறொரு ரெக்கார்டரில் பதிபவர்கள் இருக்கிறார்கள். தனிக் கருவிக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன் இந்த வழியை முயல்வது அறிவுடைமை.

அடிவிளிம்பில் சில வரிகள் கிழிந்து தெரிதல்

இது குறையன்று. ஹெட் மாறும் இடம் அது. பழைய டி.வி. படத்தின் ஓரங்களைத் திரைச் சட்டத்துக்குள் மறைத்துவிட்டதால் அன்று தெரியவில்லை. அப்படியே பதியுங்கள்.

மெதுவாக ஏறியிறங்கும் அகலமான நிழற்பட்டை

படத்தின் குறுக்கே கருமையான அகலப் பட்டை ஒன்று மெல்ல நகர்ந்தால், பெரும்பாலும் கூடவே தாழ்ந்த ரீங்காரமும் கேட்கும். இது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் படத்துக்குள் நுழைவதால் வருவது. பால் படமும் நொடிக்கு 50 புலங்களாக (அரைப்படங்களாக) வருவதால், இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டின் அளவுக்குப் பட்டை மெதுவாக நகர்கிறது. இதே வீட்டில் அமெரிக்க முறைக் கேசட்டை ஓட்டினால் பட்டை நகர்வதற்குப் பதிலாகப் படமே படபடவென்று துடிக்கும்.

டெக், ரெக்கார்டர், டி.வி. ஆகியவை வெவ்வேறு இடங்களில் எர்த் ஆவதே காரணம், கேபிள் டி.வி.யின் கம்பி தெருவிலிருந்து வேறொரு எர்த்தைக் கொண்டுவருவதால் அதுதான் முதல் சந்தேகத்துக்குரியது. டி.வி.யிலிருந்தும் ரெக்கார்டரிலிருந்தும் கேபிள் டி.வி. இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பட்டை மறைந்தால் பதிவு முடியும்வரை அது கழன்றே இருக்கட்டும். கேசட் பதிவுக்கு அது தேவையில்லை. மூன்று கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுவதும் உதவும். பட்டையைப் போக்க மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டும் பழக்கம் சில ரிப்பேர் கடைகளில் இருந்தது. உயிருக்கு ஆபத்தான அந்த வேலையை ஒருபோதும் செய்யக்கூடாது.

சாய்ந்த மெல்லிய கோடுகள், மீன்முள் போன்ற பின்னல்

வானொலி அலைவரிசையிலான குறுக்கீடு இது. டெக்கிலிருந்து ரெக்கார்டருக்கு ஆன்டெனா கேபிள் வழியாகப் படம் சென்றுகொண்டிருந்தால் அதைக் கைவிட்டு, மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்கள் கொண்ட ஏ.வி. கேபிளுக்கு மாறுங்கள், பெரும்பாலோருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். ஏற்கெனவே ஏ.வி. கேபிள்தான் என்றால், ரெக்கார்டரையும் டெக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்களா என்று பார்க்கவும். ஒன்றின் மின்வழங்கிச் சுற்று மற்றொன்றின் ஹெட்டுக்கு அருகில் அமைந்துவிட்டால் கோடுகள் விழும். ஒரு முழ இடைவெளி விட்டால் சரியாகும். மஞ்சள் பின்னுக்கு உரிய கேபிள் உறை பின்னிய தடித்த வகையாக இருப்பதும், செல்போன் சார்ஜரும் எல்.இ.டி. விளக்கின் மின்பெட்டியும் அதே பலகையில் இல்லாதிருப்பதும் நல்லது. மிக்ஸி ஓடும்போது மட்டும் வெண்புள்ளிகள் வரிசையாகத் தெறித்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சட்னி அரைத்து முடித்த பின் பதியலாம்.

நிறம் இல்லை, அல்லது படம் உருள்கிறது

நிறம் மட்டும் இல்லாமல் படம் நிலையாக இருந்தால், ரெக்கார்டரின் உள்ளீடு எஸ்-வீடியோ என்று அமைந்திருக்க, நீங்கள் மஞ்சள் பின்னை இணைத்திருக்கிறீர்களா என்று மெனுவில் பாருங்கள். எஸ்-வீடியோவில் ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் செல்வதால் இந்தக் குழப்பத்தில் நிறம் விடுபட்டுப்போகிறது.

கேசட் கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தது என்றால் காரணம் வேறு. அங்கே 525 வரிகள் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை, இங்கே 625 வரிகள் கொண்ட பால். வளைகுடாவிலிருந்து வந்த பல்முறை டெக்குகள் என்.டி.எஸ்.சி. கேசட்டைப் பால் டி.வி.யில் காட்டுவதற்காக ஒரு கலப்புச் சமிக்ஞையைத் தருகின்றன. டி.வி. அதை ஏற்றுக்கொள்ளும், ரெக்கார்டர்களில் பல அதை ஏற்காமல் நிறத்தைக் கைவிடும் அல்லது படத்தை உருளவிடும். டெக்கில் வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கும் விசை இருந்தால் 3.58 என்ற அசல் என்.டி.எஸ்.சி.க்கு மாற்றி, ரெக்கார்டரையும் என்.டி.எஸ்.சி. என்று அமைத்து, தனி வட்டில் பதியவும். முறை தெரியாத கேசட்டில் லேபிளைப் பாருங்கள்: பால் நாடுகளில் விற்றவை ஈ-180 என்பது போலவும், வட அமெரிக்காவில் விற்றவை டி-120 என்பது போலவும் குறிக்கப்பட்டிருக்கும். வெற்றுக் கேசட்டை எங்கும் கொண்டுசென்று பதியலாம் என்பதால் இது ஒரு குறிப்பு மட்டுமே.

வெளிச்சம் தானாக ஏறி இறங்குதல், அல்லது பதிய மறுத்தல்

கடையில் விற்ற திரைப்படக் கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு இருப்பதுண்டு. திரையில் தெரியாத வரிகளில் செருகிய துடிப்புகள், பதியும் கருவியின் ஒளியளவைத் தானே சரிசெய்யும் சுற்றைக் குழப்பி, படத்தை மாறிமாறி இருளவும் வெளிறவும் செய்யும். ரெக்கார்டர் அதை அடையாளம் கண்டு பதிவை மறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அங்கே நீக்குவதற்குப் பிழை ஏதுமில்லை. ஆனால் சொந்தத் திருமணக் கேசட்டுக்கே இந்த அறிவிப்பு வந்தால், நாடா நலிந்ததால் அந்த மறைவரிகளில் எழும் இரைச்சலை ரெக்கார்டர் தடுப்பு என்று தவறாகக் கொள்கிறது. ஹெட்டைத் துடைப்பது, டிராக்கிங்கைச் சரிசெய்வது, வேறு டெக்கில் ஓட்டுவது என்ற வரிசையில் முயன்றால் பெரும்பாலும் தீரும்.

பதிந்த வட்டில் மட்டும் சதுரச் சதுரமாகச் சிதறுதல்

ரெக்கார்டரில் தேர்ந்தெடுக்கும் பதிவுத் தர அளவைப் பொறுத்து, 4.7 ஜி.பி. வட்டில் எக்ஸ்.பி. என்றால் ஒரு மணி நேரம், எஸ்.பி. என்றால் இரண்டு மணி நேரம், எல்.பி. என்றால் நான்கு மணி நேரம் பதியலாம். ரெக்கார்டர் படத்தைச் சுருக்கும்போது, நாடாவின் புள்ளி இரைச்சலையும் படத்தின் விவரமாகவே எண்ணி அதற்கும் இடம் ஒதுக்குகிறது; இடம் போதாதபோது சதுரங்கள் தோன்றுகின்றன. மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே வட்டில் அடைக்கும் சிக்கனம் வேண்டாம், எஸ்.பி.யில் இரண்டு வட்டுகளாகப் பிரித்துவிடுங்கள். உள்ளீட்டில் இரைச்சல் குறைக்கும் அமைப்பு இருந்தால் அதைச் சிறிதளவு பயன்படுத்தலாம். அதிகமானால் முகங்கள் மெழுகு பூசியது போலாகிவிடும்.

வெண்கீற்றுகளும் கரைந்த நிறமும்

கணநேரத்தில் தோன்றி மறையும் வெண்கீற்றுகள், நாடாவில் காந்தப் பூச்சு உதிர்ந்த இடங்கள். உருவத்தின் எல்லையைத் தாண்டிச் சிவப்பு வழிந்து நிற்பது, நகலிலிருந்து நகல் எடுத்ததன் விளைவு. அக்காலத் திருமண வீடியோக்கள் இரண்டு டெக்குகளை இணைத்துத் தொகுக்கப்பட்டு, பாட்டும் எழுத்தும் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து இரு வீட்டாருக்கும் நகல் போட்டுக் கொடுக்கப்பட்டன. நம் கையில் இருப்பது மூன்றாம் தலைமுறையாகவே இருக்கக்கூடும். இவற்றை எந்தக் கேபிளும் கருவியும் சரிசெய்யாது. சம்பந்தி வீட்டில் இருக்கும் கேசட்டில் உதிர்ந்த இடங்கள் வேறாக இருக்கும் என்பதால், இரண்டையும் பதிந்து, மோசமான பகுதிகளை மட்டும் மற்றதிலிருந்து எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அன்று அனுப்பிய நகல் பூஞ்சை காணாத உலர்ந்த குளிர்நாட்டில் கிடக்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள்.